கழிச்சல், கால் வளைவு, ஏறாத எடை: தீனியில் எங்கே தேடுவது?

வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வரை தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் கோழிக்கும் பன்றிக்கும் தீனியைச் சொந்தமாகக் கலந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். மக்காச்சோளம் (கீழே சோளம் என்று சொல்வதும் இதைத்தான்) உடுமலைப் பக்கம் இருந்து வருகிறது. தவிடு சித்தூர், ஆலத்தூர் அரிசி ஆலைகளில் கிடைக்கிறது. தேங்காய்ப் புண்ணாக்குக்குப் பொள்ளாச்சியும் காங்கேயமும் இருக்கின்றன. கலக்கத் தெரிந்தால் செலவு நிச்சயமாகக் குறையும். ஆனால் எச்சம் இளகினாலோ எடை நின்றாலோ உடனே கடைக்குப் போய், "செரிமானத்துக்கு ஏதாவது ஒரு பாக்கெட் கொடுங்கண்ணா" என்று கேட்கிற பழக்கம் இங்கே ரொம்ப வேரூன்றிவிட்டது. கடைக்காரர் என்சைம் கொடுப்பார், அமிலம் கொடுப்பார், புரோபயாட்டிக் கொடுப்பார். எல்லாமே நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் தீனியில் குறிப்பிட்ட ஒரு பொருள் மேல்தான் வேலை செய்யும். அந்தப் பொருள் உங்கள் கலவையில் இல்லையென்றால் கொடுத்த காசு குப்பையோடு போய்விடும். அதனால் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய் காரணத்தைப் பிடிப்பதற்கு என் வழிமுறையை எழுதுகிறேன்.

தீனியைத் தொடுவதற்கு முன்னால் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோழி எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல், தீனியை மாற்றி அதை நிறுத்த முடியாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, வரிசையாகச் செத்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். பன்றிக்குக் கடும் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவப்போ நீலமோ பாய்ந்த தோல், திடீர்ச் சாவு என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அதற்கு வைத்தியம் கிடையாது. ஓட்டல் மிச்சத்தைக் காய்ச்சாமல் போடுவது அந்தக் கிருமி பண்ணைக்குள் வரும் முக்கியமான வழிகளில் ஒன்று. மிச்சம் போடுகிறவர்கள் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தான் போட வேண்டும், இதில் சமரசமே கூடாது.

நோய் இல்லையா? சரி, இனி தீனிக்கு வரலாம்.

பன்றிச் சாணத்தில் சோளம் அப்படியே வருகிறது

ஒரு கைப்பிடி சாணத்தைப் பழைய மாவுச் சல்லடையில் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசிப் பாருங்கள். மிஞ்சுவதில் மஞ்சள் குருணை பளிச்சென்று தெரிந்தால் என்சைம் தேவையில்லை, அரவை சரியில்லை. ஆலையில் சல்லடை கிழிந்திருக்கும், அல்லது சுத்தியல் மழுங்கியிருக்கும். பன்றிக்கு 3 மில்லிமீட்டர் சல்லடையில் அரைத்தால் பெரும்பாலும் போதும். பெரிய குருணையின் உள்ளே இருக்கும் மாவைக் குடல் நீர் எட்டுவதே இல்லை. அதற்காக டால்கம் பவுடர் போல அரைக்கவும் வேண்டாம், ரொம்ப நைசான மாவு பன்றிக்கு இரைப்பைப் புண்ணைக் கொண்டுவரும்.

கோழிக்குக் கணக்கு வேறு. அதற்கு அரைவைப்பை இருக்கிறது, அந்தத் தசைக்கு வேலை கொடுக்கக் கொஞ்சம் கொரகொரப்பு வேண்டும். செத்த கோழியை அறுக்கும்போது அரைவைப்பை சின்னதாக, தொளதொளவென்று இருந்தால் தீனி நைசாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட பண்ணையில் சோளத்தை மட்டும் கொரகொரப்பாக அரைத்துக் கொடுத்தாலே எச்சத்தில் தீனி தெரிவது குறையும்.

கொட்டகைத் தரை நனைகிறது, எச்சம் பிசுபிசுக்கிறது, கண் எரிகிற நாற்றம்

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு, வரிசை மாறாமல் தேடினால் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் தண்ணீர். கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் கசிகிறதா என்று பாருங்கள். குழாயின் அடியில் மட்டும் தரையில் பரப்பிய நார்த்தூள் நனைந்து, மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்தால் தீனியின் மேல் பழி போட வேண்டாம். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் கோழி தீனியைக் குறைத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கும், எச்சமும் நீர்க்கும். அதுவும் தீனிக் குற்றம் இல்லை.

அடுத்தது உப்பு. கறிக்கோழித் தீனியில் உப்பு டன்னுக்கு ஏறக்குறைய 3 கிலோ போதும். கருவாட்டுத்தூள் சேர்க்கிறவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். கருவாட்டில் 15 சதம் உப்பு இருந்து, டன்னுக்கு 50 கிலோ போட்டால் அதிலேயே ஏழரைக் கிலோ உப்பு வந்துவிடும். அதற்கு மேல் வழக்கமான 3 கிலோவையும் கொட்டினால் கோழி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழிந்துகொண்டே இருக்கும். எந்த என்சைமும் இதைத் தடுக்காது. தூளை நாக்கில் வைத்தாலே கரிப்பு ஓரளவு தெரியும், ஆனால் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்கள் ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்வதுதான் நல்லது. பன்றிக்கு உப்பு மிஞ்சுவதோடு தண்ணீரும் தட்டுப்பட்டால் அது வலிப்பு வந்து செத்தே போகும்.

மூன்றாவது சோயா. கண்ணை எரிக்கிற நாற்றம் அம்மோனியாவுடையது. செரிக்காத புரதமும் தேவைக்கு மேல் போட்ட புரதமும் கடைசியில் அதைத்தான் உண்டாக்குகின்றன. சோயா புண்ணாக்கு சரியாக வேகாமல் வந்திருந்தால், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைத் தடுக்கிற பொருள் அதில் அப்படியே உயிரோடு இருக்கும். கோழியின் கணையம் வீங்கும், புரதம் பாதி செரித்தும் செரிக்காமலும் பின்குடலுக்குப் போகும், அங்கே காத்திருக்கிற குளோஸ்டிரிடியம் கிருமிக்கு அது விருந்து. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மூடி போட்ட பாட்டிலில் இரண்டு ஸ்பூன் சோயாத் தூள், அரை ஸ்பூன் யூரியா, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்கி அரைமணி நேரம் வையுங்கள். திறக்கும்போது மூக்கில் குத்துகிற அம்மோனியா வாசனை வந்தால் சோயா வேகவில்லை. வாசனையே இல்லாமல் புண்ணாக்கு கரும்பழுப்பாகத் தெரிந்தால் அதிகமாக வெந்துவிட்டது, புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகியிருக்கும். வேகாத சரக்குக்குப் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்சைம் வாங்குவதைவிடச் சரக்கைத் திருப்பி அனுப்புவதுதான் என் யோசனை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நார் என்சைம்களுக்கு வர வேண்டும். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் தண்ணீரில் கரைகிற நார்ச்சத்து உண்டு. அது குடலுக்குள் கஞ்சி போலக் கெட்டிப்படும், செரிமான நீர் உணவோடு கலக்காது, எச்சம் பசை போல ஒட்டும். கோதுமைக்குச் சைலனேஸ், பார்லிக்குப் பீட்டா குளுக்கனேஸ் என்று கொடுத்தால் அந்தக் கெட்டி உடையும், பலன் கண்ணுக்கே தெரியும். மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் போடுகிற கலவையில் அந்தக் கரையும் நார் குறைவு, அதனால் பலனும் குறைவாகத்தான் இருக்கும். சோளம் விலையேறிக் கோதுமை மலிந்த சமயத்தில் கோதுமைக்கு மாறுகிறவர்கள் என்சைமையும் கூடவே சேர்க்க வேண்டும், விலை திரும்பிச் சோளத்துக்குத் திரும்பும்போது அதே அளவில் தொடர வேண்டியதில்லை.

தேங்காய்ப் புண்ணாக்கு கூடக்கூட எடை குறைகிறது

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதத்தைச் சுற்றி இருக்கும், ஆனால் லைசின் குறைவு. அதன் நாரில் பெரும்பகுதி மானன் என்ற வகை. சைலனேஸ் மானனைத் தொடாது, மானனேஸ் வேண்டும். பாக்கெட்டின் பின்னால் என்னென்ன என்சைம் என்று எழுதியிருக்கும், மானனேஸ் என்ற சொல் அங்கே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதோடு லைசினையும் கூட்டினால்தான் பன்றிக்கு எடை ஏறும், ஏனென்றால் தானியத் தீனியில் பன்றிக்கு முதலில் தட்டுப்படுவது லைசின். கோழிக்கு முதலில் தட்டுப்படுவது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். என்சைம் நாரை உடைக்கும், இல்லாத அமினோ அமிலத்தை உண்டாக்காது.

கப்பைக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, வில்லை வில்லையாகச் சீவி நன்றாக வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். அதில் புரதம் 2, 3 சதம்தான். சோளத்துக்குப் பதில் கப்பை போட்டால் அந்த அளவுக்குப் புரதத்தை வேறு இடத்தில் ஈடுகட்ட வேண்டும். கிழங்கில் மிஞ்சும் சயனைடை முறிக்க உடம்பு மெத்தியோனினில் உள்ள கந்தகத்தைச் செலவழிக்கும், அதனால் மெத்தியோனினையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

குஞ்சின் கால் வளைகிறது, அலகு ரப்பர் போல மடிகிறது

அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல மடக்கிப் பாருங்கள். வளைந்துகொடுத்தால் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 மூன்றில் ஒன்று தட்டுப்படுகிறது. இந்த இடத்தில்தான் பைட்டேஸ் வருகிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. தவிட்டில் இன்னும் அதிகம். கோழிக்கும் பன்றிக்கும் அதைத் திறக்கிற என்சைம் குடலில் போதுமான அளவு சுரப்பதில்லை, அது வெளியே போய்விடும். 1991இலிருந்து பைட்டேஸ் என்சைம் விற்பனையில் இருக்கிறது. கிலோ தீனிக்கு 500 யூனிட் என்பது வழக்கமான அளவு, அது சுமார் 0.1 சதம் பாஸ்பரஸை விடுவிக்கும். டன் கணக்கில் அது 1 கிலோ பாஸ்பரஸ். பாஸ்பரஸுக்காகத் தீனியில் சேர்க்கிற டிசிபியில் (டைகால்சியம் பாஸ்பேட்) பாஸ்பரஸ் 18 சதம் என்று வைத்தால் டன்னுக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ டிசிபியைக் குறைக்கலாம். டிசிபியோடு போகிற கால்சியத்தையும் பைட்டேஸ் ஓரளவு ஈடுகட்டும்.

அப்படிக் குறைத்த பிறகு கால் வளைந்தால் கீழ்க்கண்டவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

சுண்ணாம்புக்கல் தூள் அதிகமாகியிருக்கும். இதுதான் எல்லோருக்கும் தோன்றாத காரணம். கால் பலவீனம் என்றதும் கால்சியத்தைக் கூட்டுகிறோம். அது இரைப்பையின் புளிப்பைக் குறைத்து, பைட்டேட்டோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, பைட்டேஸை வேலை செய்யவிடாது. பாஸ்பரஸ் இன்னும் தட்டுப்படும், கால் இன்னும் வளையும். அதைப் பார்த்து மறுபடியும் சுண்ணாம்பைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கறிக்கோழிக்குக் கால்சியம் ஏறக்குறைய 0.9 சதம் என்ற அளவிலேயே நிறுத்துங்கள்.

டிசிபி கலப்படமாக இருக்கலாம். ஒரு ஸ்பூன் டிசிபியின் மேல் வினிகர் விடுங்கள். நல்ல டிசிபி அவ்வளவாக நுரைக்காது. சோடா போலப் பொங்கினால் விலை மலிவான சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என்சைம் செத்துப்போயிருக்கலாம். மேல்பூச்சு இல்லாத பைட்டேஸ், தீனியைப் பெல்லட்டாக அழுத்தும்போது 80, 85 டிகிரிச் சூட்டில் பெருமளவு அழிந்துவிடும். மாவுத் தீனி கலக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் கோலின் குளோரைடு என்ற வைட்டமின் வகைப் பொருளும் தாது உப்பும் சேர்ந்த மூட்டையிலேயே என்சைமையும் கலந்து, தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் வைத்தால் ஈரமும் சூடும் அதைத் தின்றுவிடும். தனியாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

கடைசியாகக் கலக்கும் முறை. கிராமுக்கு 5,000 யூனிட் உள்ள பைட்டேஸ் டன்னுக்கு வெறும் 100 கிராம்தான். அதை நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் அள்ளி வரும், அடுத்த மூட்டையில் இருக்கவே இருக்காது. முதலில் 1 கிலோ சோள மாவில் கையால் பிசறி, பிறகு 10 கிலோவாக்கி, அப்புறம்தான் மிக்சருக்குள் விட வேண்டும். ஒரே கொட்டகையில் சில குஞ்சுக்கு மட்டும் கால் வளைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கலவையைத்தான்.

பன்றித் தோல் தடித்து, செதில் செதிலாக வெடிக்கிறது

சொறி மருந்து பூசியும் கேட்காமல், கால், வயிறு, தொடை என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொருக்கு கட்டினால், அரிப்பும் பெரிதாக இல்லையென்றால், அது துத்தநாகக் குறை. 1955லேயே கண்டுபிடித்த விஷயம். தவிடு நிறைய, அதற்கு மேல் சுண்ணாம்புத் தூள் என்று போட்டால் பைட்டேட்டும் கால்சியமும் சேர்ந்து துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பைக் குறைத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாகம் சேர்த்தால் சில வாரங்களில் தோல் தெளியும்.

பால் மறக்கடித்த வாரத்தில் குட்டி கழிகிறது

தாய்ப்பாலை நிறுத்தியதும் குட்டியின் இரைப்பையில் போதுமான அமிலம் சுரப்பதில்லை. பாலில் இருக்கும்போது லாக்டோஸ் நொதித்து லாக்டிக் அமிலம் கொடுத்துக்கொண்டிருந்தது, அது திடீரென்று நின்றுவிடுகிறது. இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் வேலை செய்யப் புளிப்பு வேண்டும், கிருமியைத் தடுக்கவும் அதே புளிப்புதான் வேண்டும். தீனியில் 1 முதல் 2 சதம் சிட்ரிக் அமிலம் நன்றாகவே உதவும். ஃபார்மிக் அமிலமும் உதவும், ஆனால் அது கையையும் கண்ணையும் பொசுக்கும், உறை போடாமல் தொடாதீர்கள்.

அமிலம் போட்டுவிட்டு அதே தீனியில் சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். அந்த இரண்டு வாரத்துக்குச் சுண்ணாம்பைக் குறையுங்கள், புரதத்தையும் ஒரு படி குறைத்து லைசினால் ஈடுகட்டுங்கள். தாயோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி காட்டிப் பழக்கிய குட்டிகளுக்கு இந்தத் தொல்லை பாதியாகிவிடும். அதிக அளவு துத்தநாக ஆக்சைடு போட்டுக் கழிச்சலை நிறுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் பல காலம் இருந்தது, 2022 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. பழைய இருப்பு என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கிற மருந்து அது.

எச்சம் எண்ணெய்ப் பசையாக, கல்லீரல் வெளிறி

செத்த கோழியின் கல்லீரல் மஞ்சளாக வெளிறி, வீங்கி, எச்சம் மினுமினுப்பாக இருந்தால் பூஞ்சை நஞ்சைச் சந்தேகப்படுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், பித்தமும் கொழுப்பைச் செரிக்கும் என்சைமும் குறையும், கொழுப்பு அப்படியே வெளியேறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று இறங்குகிற ஜூன், ஜூலையில் சோளமும் தேங்காய்ப் புண்ணாக்கும் ஈரம் இழுக்கும். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கை சோளமும் இரண்டு ஸ்பூன் உலர்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்குங்கள். சில நிமிடத்தில் உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதத்துக்கு மேல். அந்தச் சோளத்தை அடுக்கி வைக்கக் கூடாது, காயவைக்க வேண்டும். பென்டோனைட் களிமண் வகை டாக்சின் பைண்டர், அதாவது நஞ்சைப் பிடித்து வைக்கும் பொருள், அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும், டி-2 போன்ற மற்ற நஞ்சுகளை அவ்வளவாகப் பிடிக்காது. பைண்டர் போட்டிருக்கிறோமே என்று பூஞ்சை பூத்த சோளத்தைக் கலந்துவிடாதீர்கள்.

தவிட்டின் சிக்கு வாசனையும் இதே மாதிரி எச்சத்தைக் கொடுக்கும். பச்சரிசித் தவிட்டில் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் உயிரோடு இருப்பதால் சில நாளிலேயே சிக்கடிக்கும். புழுங்கலரிசித் தவிட்டில் வேகவைக்கும்போதே அது அழிந்துவிடும். பாலக்காட்டு மட்டை அரிசி ஆலைத் தவிடு இந்த வகையில் நமக்கு வசதிதான். எது என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்குள் உள்ள குஞ்சுக்கு இயல்பாகவே கொழுப்பு சரியாகச் செரிக்காது. அந்த வயதில் எண்ணெயைக் குறைப்பது நல்லது. கொழுப்பைச் செரிக்க உதவும் லைசோலெசித்தின் போன்ற பொருள்கள் பலன் தருவதும் அந்த வயதில்தான்.

முட்டை ஓடு மெலிகிறது

முட்டைக்கோழித் தீனியில் கால்சியம் 3.5 முதல் 4 சதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் மெலிந்தால் அதில் பாதியைக் குருணையாக, மாலையில் கொடுங்கள். ஓடு உருவாவது இரவில்தான், நைசான தூள் அதற்குள் குடலைக் கடந்துவிடும். வெயிலில் கோழி வாய் பிளந்து மூச்சிரைத்தால் உப்பில் கொஞ்சத்தைக் குறைத்துச் சோடியம் பைகார்பனேட்டாகக் கொடுக்கலாம்.

எல்லாம் சேர்த்தும் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது திடீரென்று மோசமானது

மோனென்சின், சாலினோமைசின் போன்ற ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து தீனியில் இருக்கும்போது டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கொடுத்தால் கோழி கால் மடங்கி விழும், சாகவும் செய்யும். பன்றிக்கும் இதே ஆபத்து உண்டு. மோனென்சின் கலந்த தீனியைக் குதிரையோ கழுதையோ தின்றால் பிழைப்பது அரிது. மூட்டையின் சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள். லாக்டோபாசில்லஸ் போன்ற உயிருள்ள புரோபயாட்டிக்கைக் குளோரின் போட்ட தண்ணீரிலோ ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களிலோ கொடுத்தால் அது வாய்க்குப் போகும் முன்பே செத்துவிடும். பாசில்லஸ் வித்து வகைதான் சூட்டையும் இருப்பையும் தாங்கும்.

புதுப் பாக்கெட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் கொட்டகையை நடுவில் வலை கட்டிப் பிரியுங்கள். ஒரே நாள் இறக்கிய குஞ்சு, ஒரே சோளம், ஒரு பக்கம் மட்டும் புதுப் பொருள். ஒரே நாளில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு சொல்லவே முடியாது. வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், தீனி வைப்பதற்கு முன்னால் எடை போடுங்கள். தின்ற தீனியையும் எழுதி வையுங்கள். எடை கூடியிருந்தாலும், அந்த ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீனி போனது என்பதும் பாக்கெட்டின் விலையும் சேர்ந்துதான் தொடர்ந்து வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். அடுத்த முறை குஞ்சு இறக்கும்போது அந்தப் பொருளை மறுபக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே பக்கம்தான் எடை கூடுகிறது என்றால் அந்தப் பக்கம் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, பாக்கெட்டுக்கு அதில் பங்கில்லை.